டிஷ்யூ கல்ச்சர் குட்டியா, கணுத்துண்டா, வளர்ந்த செடியா? அரிய செடி வாங்கும் மூன்று வழிகள்

ஒரே செடி மூன்று விலைகளில் கிடைக்கிறது. வேரிகேட்டட் மான்ஸ்டெராவை, அதாவது பச்சை இலையில் வெள்ளைத் திட்டு போட்ட மான்ஸ்டெரா கொடியைத் தேடிப் பாருங்கள். ஆய்வகப் பாட்டிலில் திசுவிலிருந்து வளர்த்த, விரல் நீள டிஷ்யூ கல்ச்சர் குட்டிக்கு ஒரு விலை, ஓர் இலையோடு வெட்டிய கணுத்துண்டுக்கு அதைவிடக் கூடுதல், கம்பத்தில் ஏறி ஓட்டை விழுந்த இலைகளோடு நிற்கும் வளர்ந்த செடிக்கு அதற்கும் பல மடங்கு. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். குட்டியை வாங்கிச் சாகவிட்டு இன்னொரு குட்டி வாங்குபவர்கள் உண்டு. பெரிய செடியை வாங்கிவிட்டு, வாரம் ஓர் இலை மஞ்சளாவதைப் பார்த்துத் தூக்கம் கெடுபவர்களும் உண்டு.

என் கணக்கு இது: விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி, ஆபத்தை யார் சுமந்தார்கள் என்பதற்கான கூலி. பாட்டிலில் இருந்து வெளியே வந்த குட்டி பிழைக்குமா, வெட்டிய துண்டு வேர் விடுமா, நிழல்வலைக் கூடாரத்தில் வளர்ந்தது வீட்டு அறையில் தாங்குமா என்று மூன்று கண்டங்கள் இருக்கின்றன. எந்தக் கண்டத்தை உங்களால் தாண்ட முடியும் என்பதைப் பொறுத்துத்தான் எதை வாங்குவது என்பதும்.

பேச்சு பெரும்பாலும் மான்ஸ்டெராவைச் சுற்றியே இருக்கும். ஃபிலோடெண்ட்ரான், ஆந்தூரியம் போன்றவற்றுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். எல்லாம் ஒரே குடும்பம், அரேசியே. நம் சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் அதே குடும்பம்தான். கருணை நாக்கை அரிக்கக் காரணமான கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் மான்ஸ்டெரா இலையிலும் உண்டு. தவழும் குழந்தையோ இலையைக் கடிக்கும் பூனையோ வீட்டில் இருந்தால், எந்த வடிவில் வாங்கினாலும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

மொத்தச் செலவு. செடியின் விலை மட்டும் பார்த்தால் போதாது. மூடிபோட்ட பெட்டி, ஈரம் தேக்கும் ஸ்பாக்னம் பாசி, காற்றோட்டத்துக்கான பெர்லைட் துகள், விளக்கு, கம்பம், மருந்து எல்லாம் சேரும். செத்துப்போனால் மறுபடி வாங்கும் செலவும் சேரும்.

கிடைப்பது எவ்வளவு நிச்சயம். வாங்கும்போது தெரிகிற வெள்ளை, அடுத்த இலையிலும் வருமா? இதற்கு மூன்று வழிகளும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

உங்கள் இடம். இதைத்தான் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். இந்தச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 30 டிகிரி வரை சுகம். சென்னையில் ஜனவரி அப்படித்தான் இருக்கும். மே மாதத்தில் பகல் 40 டிகிரியைத் தொடும், இரவும் 28க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கோவையில் சூடு கொஞ்சம் குறைவு, ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் இலையைக் கிழிக்கும். ஏசி அறை வெப்பத்தைக் குறைக்கும், கூடவே ஈரப்பதத்தையும் குறைத்துவிடும்.

வெளிச்சத்தில் கண்ணை நம்ப வேண்டாம். நமக்குப் பளிச்சென்று தெரியும் ஹாலின் நடுவில் பகலில்கூட சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு)தான் இருக்கும். ஜன்னலை ஒட்டி வந்தால் சில ஆயிரம். ஓட்டை விழுந்த பெரிய இலைகள் வேண்டுமென்றால் மான்ஸ்டெராவுக்குப் பத்தாயிரம் லக்ஸை ஒட்டிய வெளிச்சம் நல்லது. இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. அதனால் வேரிகேட்டட் செடி, பச்சைச் செடியைவிட அதிக வெளிச்சம் கேட்கும். அதே வெள்ளைப் பகுதி நேர் வெயிலில் முதலில் கருகவும் செய்யும். போனில் ஒரு லக்ஸ் மீட்டர் ஆப் போட்டுப் பாருங்கள், துல்லியம் குறைவென்றாலும் ஒரு அந்தாஸ் கிடைக்கும்.

விளக்குப் போடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. 20 வாட் க்ரோ லைட்டை தினம் 12 மணி நேரம் எரித்தால் இரண்டு மாத பில்லுக்கு 14.4 யூனிட். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், நீங்கள் ஏற்கெனவே ஒரு ஸ்லாபின் விளிம்பில் இருந்தால் அந்த 14 யூனிட் அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிடக்கூடும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நேரம், பூச்சி. தினம் ஒருமுறை எட்டிப்பார்க்க முடியுமா, இல்லை வாரக் கடைசி மட்டும்தானா? வீட்டில் ஏற்கெனவே செடிகள் இருந்தால், புதிதாக வருவது என்ன பூச்சியைக் கூட்டி வருகிறது என்பதும் கணக்கில் வரவேண்டும்.

## வழி ஒன்று: டிஷ்யூ கல்ச்சர் குட்டி

டிஷ்யூ கல்ச்சர் கன்றாக வரும் ஜி9 ரக வாழை நட்ட எந்த விவசாயிக்கும் இது புதிதில்லை. ஆய்வகத்தில், ஜெல்லில், சர்க்கரையும் உப்புகளும் ஹார்மோனும் கலந்த ஊடகத்தில் ஒரு செடியை ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். முராஷிகே, ஸ்கூக் இருவரும் புகையிலைத் திசுவுக்காக 1962இல் வெளியிட்ட ஊடகக் கலவைதான் இன்றைக்கும் பல ஆய்வகங்களுக்கு அடிப்படை. வாழைக்கன்று விவசாயி கைக்கு வருவதற்கு முன் இரண்டு கட்டமாகப் பதப்படுத்தப்படுகிறது: முதலில் ஈரப்பதம் கூடிய கூடாரம், அப்புறம் நிழல்வலை. அலங்காரச் செடி விற்பவர்களில் பலர் இந்தக் கட்டங்களை வாங்குபவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். விலை மலிவாக இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் அதுதான்.

பாட்டிலுக்குள் இருந்த குட்டிக்கு வெளி உலகம் தெரியாது. அங்கே ஈரப்பதம் நூறு சதவீதத்தை ஒட்டி இருந்தது, உணவு சர்க்கரையாகக் கிடைத்தது. இலையின் மெழுகுப் பூச்சு மெலிசு, இலைத்துளைகளுக்குச் சரியாக மூடத் தெரியாது. அதைத் திறந்த அறையில் வைத்தால் ஒரு மதியத்தில் துவண்டுவிடும். செய்ய வேண்டியது: ஒட்டியிருக்கும் ஜெல்லை வெதுவெதுப்பான நீரில் முழுதாகக் கழுவ வேண்டும், ஏனென்றால் மிச்சமிருக்கும் சர்க்கரையில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரப் பாசியிலோ பெர்லைட் கலந்த ஊடகத்திலோ நட்டு, ஒளி ஊடுருவும் பெட்டியில் வைத்து மூட வேண்டும். பிறகு சில நாளைக்கு ஒருமுறை மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, நாலைந்து வாரத்தில் வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். பாட்டிலில் முளைத்த இலைகள் போனால் போகட்டும். வெளியில் வந்தபின் விடுகிற முதல் இலைதான் உண்மையான சேதி. அதுவரை உரம் வேண்டாம்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, பெட்டியை 'சூடான இடத்தில்' வைக்கிறார்கள். ஏப்ரல் மாதத்துச் சென்னையில் மூடிய பெட்டிக்குள் 35 டிகிரிக்கு மேல் போகும். அங்கே குட்டி கரைந்து கூழாகிவிடும். இந்த வேலைக்கு ஏசி அறை நல்ல இடம். ஈரப்பதத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும், வெப்பத்தை ஏசி பார்த்துக்கொள்ளும்.

நிச்சயம் எவ்வளவு? இது வகையைப் பொறுத்தது. தாய் கான்ஸ்டலேஷன் என்ற மான்ஸ்டெரா, தாய்லாந்து ஆய்வகம் ஒன்றில் டிஷ்யூ கல்ச்சரில் உருவான வகை. வெண்ணெய் நிறத் தெறிப்பு எல்லாக் குட்டியிலும் ஏறக்குறைய வரும், பச்சைக்குத் திரும்புவது அரிது. வெள்ளைத் திட்டு போட்ட இன்னொரு மான்ஸ்டெரா வகையான ஆல்போ அப்படி இல்லை. ஆல்போவின் வெள்ளை, வளர்நுனியில் பச்சை செல் அடுக்கும் வெள்ளை செல் அடுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வருவது. ஆய்வகத்தில் சில செல்களிலிருந்து புதுச் செடியை எழுப்பும்போது அந்த அமைப்பு பிரிந்துபோய், முழுப்பச்சையோ, பிழைக்கவே முடியாத முழு வெள்ளையோ வர வாய்ப்பு அதிகம். டிஷ்யூ கல்ச்சர் ஆல்போ என்ற பெயரில் இப்போது குட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. மலிவாகக் கிடைத்தால் முயலலாம், ஆனால் தண்டில் வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரியாத குட்டிக்கு ஆல்போ விலை கொடுக்காதீர்கள். இளஞ்சிவப்புத் திட்டு போட்ட பிங்க் பிரின்சஸ் ஃபிலோடெண்ட்ரானுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மறைந்திருக்கும் செலவு: பெட்டி, பாசி, பூஞ்சணக்கொல்லி, நாலைந்து வாரக் கவனம். அதைவிடப் பெரியது காலம். விரல் நீளக் குட்டி ஓட்டை இலை விடுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். தாய் கான்ஸ்டலேஷனின் வேர் சீக்கிரம் அழுகும் என்ற பெயரும் உண்டு. குட்டிப் பருவத்தில் கெட்டிப்பட்ட கோகோபீட்டில் (தென்னை நார்த்தூளில்) வைத்து, தினம் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பெயரை நீங்களும் உறுதிப்படுத்திவிடுவீர்கள்.

நல்ல பக்கமும் சொல்ல வேண்டும். ஆய்வகத்திலிருந்து நேராக வருவதால் மாவுப்பூச்சி, இலைப்பேன் தொல்லை ஏறக்குறைய இருக்காது. ஏற்கெனவே நிறையச் செடி வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமே இல்லை.

## வழி இரண்டு: கணுத்துண்டு

கரும்புக் கரணை நட்டுப் பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். பரு இருந்தால் முளைக்கும், பரு இல்லாத துண்டு வெறும் சக்கை. மான்ஸ்டெராவிலும் கணு, அதில் உறங்கும் பக்க மொட்டு, இந்த இரண்டும்தான் உயிர். கணு இல்லாத தனி இலையைத் தண்ணீரில் வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், சில சமயம் வேர்கூட விடும், செடியாக மட்டும் ஆகவே ஆகாது. அழகான பாதி வெள்ளை இலையைக் காட்டி, கணுவை மறைத்துப் படம் எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். கணுவின் படம் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

துண்டிலும் மூன்று தரம் உண்டு. நுனித்துண்டு விலை அதிகம், வளர்நுனி இருப்பதால் தொடர்ந்து வளரும். இலையோடு கூடிய நடுத்துண்டு நடுவாந்திரம். இலையே இல்லாத வெறும் தண்டு, வெட் ஸ்டிக் என்று சொல்வது, எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் சூதாட்டம். காற்று வேர் ஒன்றாவது இருக்கும் துண்டு, இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

ஆல்போ வேண்டுமென்றால் என் ஓட்டு இந்த வழிக்குத்தான். நெடுங்காலமாக ஆல்போ இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. தாய்ச்செடியின் தன்மை துண்டில் தெரியும், அதுவும் ஓரளவு கணிக்கக்கூடிய வகையில். இலையின் அழகை மறந்துவிட்டுத் தண்டைப் பாருங்கள். வெள்ளைக் கோடும் பச்சைக் கோடும் மாறி மாறி ஓடும் தண்டில், மொட்டு அந்தக் கோடுகளின் எல்லையில் உட்கார்ந்திருந்தால் நல்லது. மொட்டு முழு வெள்ளைப் பட்டையின் நடுவில் இருந்தால், முளைப்பது வெள்ளையாக வந்து பட்டினி கிடந்து சாகும். முழுப்பச்சைப் பட்டையில் இருந்தால், சாதாரண மான்ஸ்டெராவுக்கு ஆல்போ விலை கொடுத்தீர்கள் என்று அர்த்தம். படத்தில் பளீரென்று முழு வெள்ளை இலையோடு இருக்கும் துண்டைப் பார்த்து மயங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

வேர் விடவைக்கும் வேலை கஷ்டமில்லை. வெட்டுவாயைச் சில மணி நேரம் காயவிட்டு, ஈரப் பாசியிலோ பெர்லைட்டிலோ வைத்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் மூடி வைக்கலாம். நம் வெப்பத்தில் வேர் வருவது குளிர் நாடுகளைவிட வேகம். அழுகலும் அதே வேகம். பாசியைப் பிழிந்தால் சொட்டக்கூடாது, அந்த அளவு ஈரம் போதும். வெட் ஸ்டிக்கைத் தண்ணீரில் முழுதாக மூழ்க வைக்க வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு: தோற்கும் துண்டுகள். வேர்விடாத துண்டு வாங்கும்போது, விலையை ஒன்றரை மடங்காகக் கணக்குப் போடுவது என் வழக்கம். வேர்விட்டு ஒரு புது இலையும் விட்ட துண்டை, கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் லாபம். அந்தப் புது இலையில் வெள்ளை எப்படி வந்திருக்கிறது என்றும் பார்த்துவிடலாமே. அப்புறம், துண்டோடு தாய்ச்செடியின் பூச்சியும் வரும். இலைக்காம்பின் மடிப்பில் மாவுப்பூச்சி, இலையின் அடியில் இலைப்பேனும் சிலந்திப்பேனும் இருக்கின்றனவா என்று ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

விதை பற்றி ஒரு வரி: 'வேரிகேட்டட் மான்ஸ்டெரா விதை' என்று ஆன்லைனில் விற்பதை வாங்காதீர்கள். ஆல்போவின் வெள்ளை விதை வழியாக அப்படி நம்பகமாக வருவதில்லை.

## வழி மூன்று: வளர்ந்த செடி

பார்த்ததை வாங்குகிறீர்கள். இலையின் அளவு, ஓட்டை, வெள்ளையின் பரவல் எல்லாம் கண்முன்னே. காத்திருப்பு இல்லை. பணம் இருந்து பொறுமை இல்லாதவருக்கு இது சரி என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் அவ்வளவு எளிதில்லை.

முதலில், செடி எங்கிருந்து வருகிறது? கேரளத்தில் திருச்சூர் மண்ணுத்தி, ஆந்திரத்தில் ராஜமுந்திரி பக்கம் கடியம், வடக்கே காலிம்போங் எல்லாம் நர்சரி ஊர்கள். அங்கே நிழல்வலைக்கு அடியில், ஈரக்காற்றில் வளர்ந்த செடி, உங்கள் மூன்றாவது மாடி ஹாலுக்கு வந்ததும் அடி இலைகளை உதிர்க்கும். இரண்டு மூன்று இலை போவது சகஜம். உயிருள்ள தண்டும் திடமான வேரும் இருந்தால் பதறத் தேவையில்லை. வந்த அன்றே தொட்டி மாற்றுவது தேவையா என்பதில் ஆளுக்கொரு கருத்து. வேரில் புளித்த வாடை இல்லையென்றால் இரண்டு வாரம் சும்மா விடுவது என் பக்கம். வாடை அடித்தால் அன்றே மாற்றிவிட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து நேரே தருவிப்பது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தாய்லாந்து, இந்தோனேசியா விற்பனையாளர்களின் விலை கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இந்தியாவுக்குள் செடி கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், வேரில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. சுற்றுலா போய்வரும்போது பெட்டிக்குள் சுருட்டிக்கொண்டு வருவது சட்டப்படி தவறு. பிடிபட்டால் செடி அழிக்கப்படும். முறையாக அனுமதி வாங்கிப் பத்துப் பேருக்குச் சேர்த்து இறக்கும் இறக்குமதியாளரிடம் வாங்கலாம். அப்படி வாங்கும்போதும், வேரெல்லாம் கழுவி, இருட்டுப் பெட்டியில் நாள்கணக்கில் இருந்துவிட்டு வரும் செடி அது என்பதை மறக்கக்கூடாது. பெயரில் 'வளர்ந்த செடி', நடைமுறையில் பெரிய கணுத்துண்டு. இங்கே குறைந்தது இரண்டு இலை விட்டபின் வாங்கினால்தான் வளர்ந்த செடிக்கான விலைக்கு அர்த்தம்.

காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடிகளும் இந்த விலை மட்டத்தில்தான் கலக்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஓட்டை இலையோடு மரம் ஏறும் ராஃபிடோஃபோரா பெர்ட்டூசா இருக்கிறது, இலங்கையிலும் உண்டு. 'காட்டுச் செடி, உண்மையான அரிய வகை' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் விலகிவிடுங்கள். காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம்.

இன்னொரு கண்கட்டு வித்தை, பிங்க் காங்கோ. இலையெல்லாம் இளஞ்சிவப்பாகப் பளபளக்கும் ஃபிலோடெண்ட்ரான். அந்த நிறம் வேதிப்பொருள் கொடுத்து வரவழைத்தது. சில மாதங்களில் புது இலைகள் பச்சையாக வந்து, செடி சாதாரணப் பச்சைச் செடியாகிவிடும். வளர்ந்த செடியாக வாங்கும்போது நுனியில் இருக்கும் புதிய இலையைப் பார்க்கும் பழக்கம் இதற்கும் மருந்து. சாதாரணமாகக் கிடைக்கும் மான்ஸ்டெரா அடான்சோனியை, அரிய வகையான 'ஒப்லிகுவா' என்று சொல்லிப் பெரிய விலைக்கு விற்பதும் நடக்கிறது.

மறைந்திருக்கும் செலவு: பார்சல் கனம், கம்பம், பெரிய தொட்டி, இடம். நன்றாக வளர்ந்த மான்ஸ்டெரா ஒன்றரை மீட்டர் அகலத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் அது ஒரு சின்ன சோபாவின் இடம். பூச்சிக்காக மூன்று நாலு வாரம் தனி அறையில் வைக்க வேண்டும், ஏனென்றால் நம் வெப்பத்தில் இலைப்பேன் ஒரு தலைமுறையை இரண்டே வாரத்தில் முடித்துவிடும். ஈரப்பதத்துக்காக ஹியூமிடிஃபையர் வாங்கி அதில் போர் தண்ணீர் ஊற்றினால், உப்பெல்லாம் வெள்ளைப் பொடியாக இலைமேலும் டிவிமேலும் படியும். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் அதற்கு இணை இல்லை. இலை நுனி கருகுவதற்குப் பல வீடுகளில் காரணம் உப்புத் தண்ணீர்தான், குறை ஈரப்பதம் அப்புறம்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | டிஷ்யூ கல்ச்சர் குட்டி | கணுத்துண்டு | வளர்ந்த செடி |
|---|---|---|---|
| விலை | குறைவு | நடுத்தரம்; வெட் ஸ்டிக் மலிவு | அதிகம் |
| பெரிய ஆபத்து | முதல் நாலைந்து வாரம் | அழுகல். மொட்டின் நிறம் | இடமாற்ற அதிர்ச்சி, பூச்சி |
| வெள்ளை வருமா | தாய் கான்ஸ்டலேஷனில் ஏறக்குறைய உறுதி, ஆல்போவில் சந்தேகம் | தண்டைப் படித்தால் கணிக்கலாம் | கண்முன்னே தெரியும், பிற்பாடு மாறவும் கூடும் |
| தேவைப்படும் கவனம் | தினம், கொஞ்ச நாள் | வாரம் இரண்டு மூன்று முறை | வாரம் ஒருமுறை, தொடர்ந்து |
| பூச்சி வரும் வாய்ப்பு | மிகக் குறைவு | உண்டு | அதிகம் |
| ஓட்டை இலை பார்க்க | ஒரு வருடத்துக்கு மேல் | தாய்ச்செடியின் முதிர்ச்சியைப் பொறுத்து, சில மாதங்கள் முதல் | இப்போதே |
| மறுபடி விற்றால் | பெரிதாக ஒன்றும் தேறாது | வெட்டிப் பெருக்கினால் ஏதோ தேறும் | போட்டதை எடுப்பது கடினம் |

கடைசி வரிசைக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. 'வாங்கி வளர்த்து வெட்டி விற்றால் போட்ட பணம் வந்துவிடும்' என்று விற்பவர்கள் சொல்வார்கள். 2021 ஜூனில் நியூசிலாந்தில் ஒரு வெள்ளை வேரிகேட்டட் ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா (சின்ன மான்ஸ்டெரா போலிருக்கும் கொடி), இணைய ஏலத்தில் 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. ஊரடங்குக் காலத்து விலை அது. அப்புறம் ஆய்வகங்கள் முழுவீச்சில் இறங்கின. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற தாய் கான்ஸ்டலேஷன், 2024இல் அமெரிக்காவின் கோஸ்டா ஃபார்ம்ஸ் என்ற செடி நிறுவனம் பெருவாரியாகச் சந்தையில் இறக்கியபின் சூப்பர் மார்க்கெட் செடியானது. அந்தச் சரிவு மெதுவாக இந்தியச் சந்தைக்கும் வருகிறது. 'அரிய' என்ற அடைமொழி ஆய்வகம் அந்தச் செடியைத் தொடும்வரைதான். ஆகவே செடியை முதலீடாகப் பார்க்கிறவருக்கு மூன்று வழியும் வேண்டாம் என்பேன். பிடித்த செடி மலிவாகும்வரை ஒரு வருடம் காத்திருக்க முடிகிறவருக்கு, காத்திருப்பது நான்காவது வழி.

## யாருக்கு எது

முதல் அரிய செடி, சென்னை, மதுரை, திருச்சி மாதிரி வெப்பமான ஊர், பட்ஜெட் கட்டுப்பாடு: பதப்படுத்திய தாய் கான்ஸ்டலேஷன் குட்டி. 'பதப்படுத்திய' என்ற சொல் முக்கியம். பாட்டிலை விட்டு வெளியே வந்து இரண்டு மூன்று இலை விட்டிருக்க வேண்டும். அந்தக் கண்டத்தை விற்பவர் தாண்டட்டும், அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் நஷ்டமில்லை. பாட்டிலோடு வாங்குவது, பத்துப் பதினைந்து குட்டியாக வாங்கி வாரக்கணக்கில் பெட்டியோடு விளையாட ஆசைப்படுகிறவருக்கு. அவருக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

ஆல்போதான் வேண்டும், வேறெதுவும் மனசுக்கு ஒப்பாது என்றால், வேர்விட்டு ஒரு புது இலையும் விட்ட நடுத்துண்டு. உங்கள் ஊரிலேயே வளர்ப்பவரிடம் கிடைத்தால் அதற்கே முன்னுரிமை கொடுங்கள். தாய்ச்செடியை நேரில் பார்க்கலாம், உங்கள் வெயிலுக்கும் தண்ணீருக்கும் பழகிய செடி, பார்சல் அலைச்சலும் இல்லை. விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

வளர்ந்த செடி வாங்கத் தகுந்த நிலை என்று நான் நினைப்பது இரண்டு. ஒன்று, வடக்கோ கிழக்கோ பார்த்த நல்ல வெளிச்சமுள்ள பால்கனியும் இடமும் இருந்து, பச்சை மான்ஸ்டெராவை ஏற்கெனவே நன்றாக வளர்த்துப் பழகியவர். இரண்டு, துண்டாகவும் பாட்டிலாகவும் வாங்க நான் பரிந்துரைக்காத செடிகள். தரையில் ஊர்ந்து வளரும் ஃபிலோடெண்ட்ரான் குளோரியோசம், மெக்சிகோவின் சியாப்பாஸ் பகுதியைச் சேர்ந்த ஆந்தூரியம் கிளாரிநெர்வியம் இரண்டையும் ஓரளவு வளர்ந்த நிலையில் வாங்குவதே நல்லது. கொலம்பியாவின் ஆந்தூரியம் வரோக்குவேனம், அந்த நீண்ட வெல்வெட் இலைக்காரி, கடலோர ஊர்களில் கோடை தாங்குவது கஷ்டம். ஏற்காடு, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் தைரியமாக வாங்கலாம். சென்னைக்காரர்கள் ஏசியும் கண்ணாடி அலமாரியும் இல்லாமல் ஆசைப்பட வேண்டாம்.

வாரம் நாலு நாள் வெளியூர் போகிறவருக்குக் குட்டியும் துண்டும் சரிப்படாது. வளர்ந்த தாய் கான்ஸ்டலேஷன் ஒன்றை, தேங்காய் மட்டைத்துண்டும் கரியும் பெர்லைட்டும் கலந்த காற்றோட்டமான ஊடகத்தில் வைத்துவிட்டுப் போகலாம். பொள்ளாச்சிப் பக்கம் தயாராகும் மட்டைத்துண்டு இங்கே மலிவு. ஆனால் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை ஊறவைத்துக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

## விற்பவரிடம் கேட்க, அனுப்பச் சொல்ல

குட்டி என்றால்: பாட்டிலை விட்டு வெளியே வந்து எவ்வளவு நாள், அதற்குப் பின் எத்தனை இலை? துண்டு என்றால்: கணுவின் படம், தண்டின் நாலு பக்கமும் படம், தாய்ச்செடியின் கடைசி மூன்று இலைகளின் படம். வளர்ந்த செடி என்றால்: இந்த இடத்தில் எத்தனை மாதமாக இருக்கிறது, வேரின் படம், கடைசியாக எந்த மருந்து எப்போது அடித்தது? செத்து வந்து சேர்ந்தால் பணம் திரும்புமா என்பதை மூன்றுக்கும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லும் விற்பனையாளர்களே அதிகம், அதனால் அதையும் செய்துவிடுங்கள்.

சமவெளிக்காரர்கள் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வாங்கினால் குட்டிக்கும் துண்டுக்கும் வெயில் ஏறுவதற்குமுன் வேர் பிடித்துவிடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கூரியர் வண்டிக்குள் இருக்கும் சூட்டை நினைத்தால் எதுவுமே வேண்டாம். பார்சலைத் திங்கள்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். வியாழன், வெள்ளியில் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏதோ ஒரு கிடங்கில், மூடிய பெட்டிக்குள் கிடக்கும்.